பீரங்கிகள் நேரில் பார்வையிடப்பட்டன

பிப்ரவரி 10, திங்கள்

அலுவலகத்துக்கு எழுதும் நாட்குறிப்பு வேறு, இது வேறு. அதில் இன்று, ‘காலை படகேறி, வெள்ளிமுனைக் கடலில் நடைபெறும் ஆய்வைப் பார்வையிட்டேன். ஒன்பது மணிக்கு மேல் வாந்தி காரணமாகப் பார்வையிட இயலவில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. தாசில்தார் அதைப் படித்துவிட்டு ஆபீஸ் முழுக்கக் காட்டிச் சிரிப்பார். சிரிக்கட்டும். நடந்ததைத்தானே எழுத முடியும். அங்கே எழுத முடியாதவற்றுக்காக இந்த நோட்டு. முதலில் எழுத வேண்டியது: என்னை இங்கே அனுப்பியவர்கள் நாசமாய்ப் போக.

நான் வருவாய் ஆய்வாளர். பெயர் பூவலிங்கம். சொந்த ஊர் கோவில்பட்டி. எங்கள் ஊரில் குடிக்கவே தண்ணீர் கிடையாது, நீந்திப் பழக எங்கே போவது. இதைத் தாசில்தாரிடம் சொன்னேன். “உங்கள நீந்தவா சொன்னோம், உக்காரத்தான சொன்னோம்” என்றார். கடலுக்கடியில் பழைய கப்பல் ஒன்று கிடக்கிறதாம். தேடப்போகிறவர்கள் தங்கம் கிங்கம் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போய்விடக் கூடாது, எது வெளியே வந்தாலும் அரக்கு வைத்து முத்திரை போட வருவாய்த் துறை ஆள் ஒருவர் படகில் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. மற்ற மூன்று ஆய்வாளர்களுக்கும் அன்றைக்குப் பார்த்து முதுகு வலி.

படகுக்காரர் பெயர் கஸ்பார். முன்பு சங்கு குளித்தவர், இப்போது காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு இறங்குகிறார். நான் தலையைத் தொங்கப் போட்டிருந்த பக்கமாக வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா எடுங்க சார், மீனு பூரா நம்ம போட்டச் சுத்திக் கூடிட்டு” என்றார். இவரை எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

வாந்தி குறைந்திருக்கிறது. படகில் என்ன நடக்கிறது என்று இன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

தலைமை தாங்குகிறவர் முனைவர் மெஹர்நிஷா. கீழக்கரைக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஆள் என் தோளுக்குத்தான் வருவார். கூட இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள். கடலடித் தொல்லியல் என்று ஒரு படிப்பு இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். இடத்துக்கு மீனவர்கள் வைத்திருக்கும் பெயர் வலைக்கிழிச்சான் பார். பார் என்றால் கடலடியில் இருக்கும் பாறைத் திட்டு. யார் வலை வீசினாலும் அந்த இடத்தில் மாட்டிக் கிழியும். பாறை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். போன வருடம் கஸ்பார், மாட்டிய வலையை எடுக்க இறங்கியபோது, பாறைக்கு வட்டமான வாய் இருப்பதைப் பார்த்திருக்கிறார். பீரங்கி.

இப்போது சிக்கல் என்னவென்றால், அந்த வழியாகத்தான் புதிய கப்பல் தளத்துக்கு வாய்க்கால் தோண்டப்போகிறார்கள். தோண்டுகப்பல் தயாராக நிற்கிறது. மார்ச் 27ஆம் தேதி இதை முடிவு செய்யும் கமிட்டி கூடுகிறது. அதற்குள் இங்கே கப்பல் கிடப்பது நிரூபணம் ஆனால் வாய்க்கால் வேறு பக்கம் திரும்பும். ஆகாவிட்டால் ஏப்ரலில் பீரங்கி, கப்பல் எல்லாவற்றையும் மணலோடு மணலாக உறிஞ்சித் துப்பிவிடுவார்கள். இந்தக் கடலில் ஒரு கப்பலைக் கண்டுபிடிப்பது மேடத்துக்கு ஏழு வருடக் கனவாம். மாணவன் சொன்னான். எனக்கு என்ன வந்தது. தங்கம் வந்தால் முத்திரை போடுவேன், வராவிட்டால் வீட்டுக்குப் போவேன்.

பிப்ரவரி 19, புதன்

இன்று தங்கம் வந்தது என்று நினைத்தோம்.

படகில் ஒரு சின்னத் திரை இருக்கிறது. கீழே கேமரா பார்ப்பதை மேலே அதில் பார்க்கலாம். மணலை மேடம் கையால் விசிறி விசிறி விலக்குகிறார். தோண்டக் கூடாதாம், விசிற வேண்டுமாம். கூட்டும்போது கூடக் கோபமாகக் கூட்டுகிற பெண்களைத்தான் பார்த்திருக்கிறேன். இவர் தூங்குகிற குழந்தை மேல் உட்கார்ந்த ஈயை ஓட்டுவதுபோல் மணலை ஓட்டுகிறார். திடீரென்று மஞ்சளாக ஒன்று மின்னியது. எல்லோரும் திரை முன்னால் முண்டியடித்தோம். நான் அரக்கையும் மெழுகுவத்தியையும் எடுத்து வைத்துக்கொண்டேன். பொருள் மேலே வரும் முன்பே மெழுகுவத்தியைப் பற்றவும் வைத்துவிட்டேன். பதவியின் பொறுப்பு அப்படி.

நானாக இருந்தால் அப்படியே பிடுங்கிக்கொண்டு மேலே வந்திருப்பேன். அவர் முதலில் அளந்தார். பிறகு தண்ணீருக்குள்ளேயே பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் வரைந்தார். எந்தத் திசையில் கிடக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று குறித்தார். நாங்கள் மேலே துடித்துக்கொண்டிருந்தோம்.

வந்தது பித்தளைக் கவராயம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருப்பார்களே, அதுதான், கொஞ்சம் பெரியது. மாலுமி வரைபடத்தில் தூரம் அளப்பதற்காம். எனக்குச் சப்பென்று போய்விட்டது. மேடமோ அதை ஈரத்துணியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “பாருங்க சார், கால் ரெண்டும் விரிஞ்ச மேனிக்கு இருக்கு. அந்த ஆளு கடைசி நிமிஷம் வரைக்கும் தூரம் அளந்துக்கிட்டு இருந்திருக்கான்” என்றார்.

முத்திரை போட்டேன். அரக்கு கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது. இருபத்தாறு வருடத்தில் எனக்கு முத்திரை கோணியதில்லை.

பிப்ரவரி 26, புதன்

என் மனைவி செண்பகவல்லி போனில் கேட்டாள், “தங்கம் வந்துச்சா?” வரவில்லை என்றேன். மேடம் பீரங்கிகளை எப்படி வரைபடமாக வரைகிறார், ஒவ்வொன்றுக்கும் எப்படி எண் கட்டுகிறார் என்று விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, “அந்த மேடம் சாப்பிட்டாங்களா இல்லையான்னும் சொல்லுங்க” என்றாள். இவளுக்கு எதற்கெடுத்தாலும் நக்கல்.

மொத்தம் பதினொரு பீரங்கி. இரும்பு. நாடு தெரியவில்லை, கப்பலின் பெயர் தெரியவில்லை. மேடம் தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்கிறார். படித்தவர்களிடம் இதை நான் அதிகம் கண்டதில்லை.

மார்ச் 3, திங்கள்

நோன்பு தொடங்கிவிட்டது. மேடம் தண்ணீர் கூடக் குடிக்காமல் தண்ணீருக்குள் இறங்குகிறார். “வாய்க்குள்ள தண்ணி போயிருமே, நோன்பு முறிஞ்சிராதா?” என்று கேட்டேன். “முழுங்குனாத்தான் சார் முறியும். வாய்க்கிட்ட வந்ததுக்கெல்லாம் முறியாது” என்றார். காலையில் ஒரு முறை மட்டும் இறங்குகிறார். மேலே வந்து உதட்டைத் துணியால் ஒற்றி ஒற்றித் துடைக்கிறார், ஒரு சொட்டு உள்ளே போய்விடக் கூடாது என்று.

மார்ச் 5, புதன்

கஸ்பார் நெற்றியில் சாம்பலோடு வந்தார். அவர்களுக்குத் தவக்காலம் தொடங்குகிறதாம். இன்று ஒரு வேளைதான் சாப்பாடு. மாணவர்கள் மேடத்துக்குக் கூச்சப்பட்டு மதியம் சாப்பிடுவதில்லை. ஆக, படகில் டிபன் பாக்ஸைத் திறக்கிற ஒரே பாவி நான். செண்பகவல்லி கொடுத்தனுப்பிய பூண்டு ஊறுகாய் வாசனை நடுக்கடல் முழுக்கப் பரவியது.

நாளையிலிருந்து மதியச் சாப்பாடு வேண்டாம் என்று நான் தங்கியிருக்கும் விடுதியில் சொல்லிவிட்டேன். வயிறு சரியில்லை, அதனால்தான்.

மார்ச் 10, திங்கள்

இடி விழுந்தாற்போல ஒரு செய்தி. கமிட்டி மேடம் அனுப்பிய புகைப்படங்களை ஏற்கவில்லை. எந்தக் கடலில் வேண்டுமானாலும் இப்படி எடுக்கலாம், இவர்கள் ஆராய்ச்சிக்காரர்கள், தங்கள் ஆராய்ச்சிக்குச் சாதகமாகத்தான் சொல்வார்கள் என்று தளம் கட்டும் கம்பெனியின் வக்கீல் எழுதியிருக்கிறார். கமிட்டி கேட்பது ஒன்றே ஒன்று. இரண்டு பக்கமும் சேராத அரசு அலுவலர் ஒருவரின் நேர்ப்பார்வை அறிக்கை. அந்த அலுவலர் யார் என்றால் நான்.

மேடத்துக்கு உயிர் வந்துவிட்டது. “நல்லவேளை சார், நீங்க தினமும் திரையில பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க. எழுதிக் குடுத்துருங்க” என்றார். மாணவர்கள் கைதட்டினார்கள். கஸ்பார் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போட முடியாது.

நேர்ப்பார்வை அறிக்கை என்பது ‘மேற்படி இடத்துக்கு நேரில் சென்று, பார்வையிட்டு’ என்று தொடங்கும். நேரில் என்றால் நேரில். திரையில் பார்ப்பது நேரில் ஆகாது. ஆபீஸில் உட்கார்ந்து கொண்டே எழுதித் தள்ளுகிறவர்கள் உண்டு, தெரியும். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மலை உச்சியில் இரண்டு ஆட்டுக்கொட்டில் இருக்கிறதா என்று பார்க்க மூன்று மணி நேரம் ஏறியவன் நான். அதிலிருந்து துறையில் எனக்குப் ‘போய்ப்பார்த்த பூவலிங்கம்’ என்று பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள். நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேடம் கெஞ்சவில்லை. “வேற யாராச்சும் வந்து பாக்க நாள் இருக்கா சார்?” என்று மட்டும் கேட்டார். இல்லை. கஸ்பாருக்குத்தான் கோபம் தாங்கவில்லை.

“என்ன சார் பேசுதிய. கண்ணு முன்னாடி கெடக்கு. ஒரு கையெழுத்து. அதுக்கு இம்புட்டு வெறப்பு காட்டுதியளே.”

“கண்ணு முன்னாடி இல்ல கஸ்பார், அஞ்சு பாகம் கீழ இருக்கு.” பாகம் என்பது இவர்கள் ஆழம் அளக்கும் கணக்கு. விரித்த கை இரண்டின் அகலம்.

“அப்ப எறங்கிப் பாருங்க.”

“எறங்கத்தான் போறேன்” என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. படகில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நானும் என்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13, வியாழன்

செண்பகவல்லியிடம் சொன்னேன். “மாடிப்படி எறங்கவே கைப்பிடியப் பிடிக்கிற ஆளு நீங்க” என்றாள். ஆமாம் என்றேன். “யாருக்காக இப்படி?” என்றாள். விதிமுறைக்காக என்றேன். “ஏங்க, எங்கிட்டயுமா?” என்று சிரித்தாள். அப்புறம் அழுதாள். கடைசியில், டாக்டரிடம் காட்டாமல் இறங்கினால் இந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், போகலாம் என்றார். போகக் கூடாது என்று சொல்வார் என நம்பியிருந்தேன்.

மார்ச் 15, சனி

கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் பயிற்சி. மேடமே சொல்லிக் கொடுக்கிறார். கண்ணாடி மூக்கையும் சேர்த்து மூடிக்கொள்கிறது. ரப்பர் கட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட வேண்டும். “மூக்குன்னு ஒண்ணு இருக்கதையே மறந்துருங்க சார்” என்கிறார். ஐம்பத்து நான்கு வருடமாக இருக்கும் மூக்கை எப்படி மறப்பது. கறுப்பு ரப்பர் சட்டைக்குள் என் தொந்தியைத் திணிக்கக் கஸ்பாரும் இரண்டு மாணவர்களும் சேர்ந்து மல்லுக்கட்டினார்கள். மீன் விற்கும் பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒருத்தி, “ஏ கஸ்பாரு, கடப்பன்னிக்கு விலை என்ன?” என்று கேட்டாள்.

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் எழுந்துவிட்டேன். மறுபடி வைத்தேன், எழுந்தேன். எத்தனை முறை என்று தெரியாது. மேடம் ஒரு முறை கூட முகம் சுளிக்கவில்லை. வெயில் தீயாக எரிகிறது, அவர் நாக்கு நனையாத ஆள். எனக்கு வெட்கமாக இருந்தது. சாயங்காலம் ஒரு முறை எழாமல் இருந்தேன். மணலில் ஒரு நண்டு நடந்து போவதை முழுசாகப் பார்த்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

இறங்கினேன். பாதியில் ஏறிவிட்டேன். இன்று இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

மார்ச் 20, வியாழன்

பார்த்துவிட்டேன்.

ஒழுங்காக எழுத வேண்டும், எதுவும் விட்டுப்போகக் கூடாது. காலையில் கடல் தட்டையாகக் கிடந்தது. கஸ்பார் ஒரு பக்கம், மேடம் ஒரு பக்கம், நடுவில் நான். கஸ்பார் கிளம்பும் முன் தன் கழுத்திலிருந்த மாதா படத்தைத் தொட்டு முத்தமிட்டார். மேடம் உதட்டுக்குள் ஓதினார். நான் செண்பகவல்லியை நினைத்துக்கொண்டேன். அவள் பெயரே எங்கள் ஊர் அம்மன் பெயர்தான், இரண்டு வேலையும் முடிந்தது.

நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். காது வலித்தது. மேடம் தன் மூக்கைப் பிடித்துக் காட்டினார், நானும் கண்ணாடி வழியாக மூக்கைப் பிடித்து ஊதினேன், டப்பென்று விட்டது. என் மூச்சுச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. மேலே பார்த்தேன், படகின் அடிப்பாகம் செருப்பு மாதிரித் தெரிந்தது. பயந்துபோய்க் கயிற்றை இறுக்கிக்கொண்டேன். மேடம் அவசரப்படுத்தவில்லை. என் முன்னால் வந்து, என் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு, கையை மெல்ல ஏற்றி இறக்கினார். மூச்சை இழு, விடு. இழு, விடு. அவர் கண்ணைப் பிடித்துக்கொண்டே தரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பச்சையாக ஒரு வெளிச்சம். அதில் வெட்டிப்போட்ட பனந்தடிகள்போல அவை கிடந்தன. திரையில் தினமும் பார்த்ததுதான். ஆனால் திரையில் இந்தப் பருமன் தெரியாது. மேலெல்லாம் சிப்பியும் பாசியும் ஓடு ஓடாக ஏறி, ஊதாவும் மஞ்சளுமாகப் பூத்திருக்கிறது. கிளிமீன்கள் அதைக் கொறித்துக்கொண்டிருந்தன, கறுக் கறுக்கென்று சத்தம் கூடக் கேட்டது. மேடம் என் கையைப் பிடித்து முதல் பீரங்கியின் மேல் மெதுவாக வைத்தார். இருநூறோ முந்நூறோ வருடத்துக்கு முன் யாரோ இதைத் துடைத்து மருந்து கெட்டித்து நின்றிருப்பான். அவனுக்கு அம்மா இருந்திருப்பாள். எனக்கு அழுகை வந்தது. கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க முடியாது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

பிறகு வேலையைத் தொடங்கினேன். மேடத்தின் பலகை மாதிரியே எனக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தொட்டு, எண்ணி, குறித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதின் வாய்க்குள் இரண்டு கண்கள். பேய்க்கணவாய். எட்டுக் கையையும் சுருட்டிக்கொண்டு, நோட்டீஸ் கொடுக்க வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தது. அதையும் குறித்தேன்.

ஒன்பதாவதைத் தொட்டேன். கஸ்பார் என் உருளையில் மிச்சக் காற்றைக் காட்டும் முள்ளைக் காட்டினார். மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் வரும் காற்றை நான் பயத்தில் பாதி நேரத்தில் குடித்துத் தீர்த்திருக்கிறேன். மேடம் தெற்கே கையைக் காட்டினார், இன்னும் இரண்டு, அந்தப் பக்கம். அங்கே கலங்கலாக இருந்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை. கஸ்பார் என் தோள்பட்டையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

படகில் ஏறியதும் கஸ்பார் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “சார், நீங்க இனிமே எங்க ஆளு” என்றார். மாணவர்கள் துள்ளினார்கள். அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம் கூட நிற்கவில்லை. நான் அறிக்கை எழுத உட்கார்ந்து, ‘பீரங்கிகள் ஒன்பது’ என்று எழுதியதை மேடம் பார்த்துவிட்டார்.

“பதினொண்ணு சார்.”

“நான் பாத்தது ஒம்பது.”

“மத்த ரெண்டும்தான் வாய்க்கால் வர்ற பாதையில கெடக்கு. நீங்க ஒம்பதுன்னு எழுதுனா, அந்த ரெண்டுக்கும் சாட்சி இல்லைன்னு அவங்க தோண்டிருவாங்க.”

“தெரியும் மேடம்.”

“கை காட்டுனேனே சார். அங்கதான் இருந்துச்சு.”

“நீங்க காட்டுனது உண்மை. நான் பாக்கல.”

அவர் கரை வரும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு கடலையே பார்த்திருந்தார். கஸ்பார் எஞ்சினைப் போட்ட போடில் படகே ஆடியது. இவ்வளவு செய்த பெண்ணுக்கு ஒரு எண்ணை எழுதிக் கொடுக்க முடியாதா என்று என் மனசே என்னைத் திட்டுகிறது. முடியவில்லை. நான் என்ன செய்ய.

மார்ச் 24, திங்கள்

மறுபடி இறங்கி அந்த இரண்டையும் பார்த்துவிடலாம் என்று நான்தான் கேட்டேன். காற்று திரும்பிவிட்டது. மூன்று நாளாகக் கடல் சேற்றுக் குழம்பாக இருக்கிறது. கஸ்பார் படகை இறக்க மறுக்கிறார். காலையும் மாலையும் கரையில் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். மேடமும் வருகிறார். தள்ளி நிற்கிறார். கடற்கரைக்கு வேறு வழியில்லை, அதனால் பார்த்துக்கொள்கிறோம்.

மார்ச் 27, வியாழன்

கமிட்டி. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, எழுபது வயது அம்மா. மேடம் தன் வரைபடத்தைக் காட்டிப் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அறிக்கையைப் படித்தேன்.

‘மேற்படி இடத்துக்கு நேரில் சென்று, கடலுக்கடியில் ஐந்து பாகம் இறங்கிப் பார்வையிட்டதில், இரும்புப் பீரங்கிகள் ஒன்பது கிடக்கக் கண்டேன். கையால் தொட்டும் பார்த்தேன். நான்கெல்லை: வடக்கே மணல் திட்டு. கிழக்கே பாறை. மேற்கே மணல். தெற்கே கலங்கலாக இருந்தபடியால் எல்லை தெரியவில்லை. நான்காவது பீரங்கி ஒரு பேய்க்கணவாயின் அனுபவத்தில் இருந்து வருகிறது.’

கூட்டத்தில் சிரிப்பு. கம்பெனி வக்கீல் எழுந்தார். முனைவர் எழுதிக் கொடுத்ததை இவர் அப்படியே படிக்கிறார், நீச்சல் தெரியாதவர் எங்கே கடலடிக்குப் போயிருக்கப் போகிறார் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறக்கும் முன் தலைவர் அம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“அவங்க பதினொண்ணுங்கிறாங்க. நீங்க ஒம்பதுங்கிறீங்க. ஏன்?”

“ரெண்ட நான் பாக்கலம்மா. காத்துத் தீந்துருச்சு.”

“அவங்க மேப்புலதான் இருக்கே. எழுதிருக்கலாமே.”

“பாக்காதத எழுதுனா அதுக்குப் பேரு நேர்ப்பார்வை இல்லம்மா.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வக்கீலைப் பார்த்து, “எழுதிக் குடுத்ததப் படிக்கிறவரா இருந்தா பதினொண்ணுல்ல படிச்சிருப்பாரு. ரெண்டக் கொறைச்சுச் சொல்லி, கணவாயையும் சேத்துச் சொல்றாரு. நான் இவரு சொல்ற ஒம்பதையும் நம்புறேன், அந்தம்மா சொல்ற பதினொண்ணையும் நம்புறேன்” என்றார்.

உத்தரவு: ஒன்பது பீரங்கி கிடக்கும் இடம் காப்பாற்றப்பட வேண்டும். தெற்கே உள்ள பகுதியை இதே வருவாய் ஆய்வாளர் இறங்கிப் பார்த்து எல்லை எழுதித் தரும்வரை, தோண்டுகப்பல் அந்தப் பக்கமே வரக் கூடாது.

வெளியே வந்ததும் மேடம் என் முன்னால் நின்றார். என் கையிலிருந்த அறிக்கையையே பார்த்தார். நான் அவர் வரைபடத்தையே பார்த்தேன். கஸ்பார்தான் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு ரெண்டு பேரும். வாங்க, நான் ஒரு டீயாவது குடிக்கேன், நீங்க பாத்துக்கிட்டு இருங்க” என்றார்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். கீழக்கரையிலிருந்து ஒரு டப்பா நிறையத் தொதல் வந்தது. செண்பகவல்லிக்கென்று தனியாக இன்னொரு டப்பா. ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து அல்வா மாதிரி இருந்தது. ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, “இவங்க நல்லா இருக்கட்டும். நீங்க எப்ப மறுபடி எறங்கணும்?” என்றாள். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் முன் என்றேன். இந்த முறை அழவில்லை. ரப்பர் சட்டைக்குள் போட்டுக்கொள்ள நல்ல பனியன் இரண்டு எடுத்து வைத்தாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்றைய கடலைப் பற்றி எழுத எனக்குத் திறமை போதாது. மேலிருந்து பார்த்தாலே அடி மணல் தெரிந்தது.

மேடத்துக்கு ஜலதோஷம், காது அடைத்திருந்தது. இறங்கக் கூடாது என்று கஸ்பார் சொல்லிவிட்டார். நானும் கஸ்பாரும் மட்டும் போனோம். இப்போதெல்லாம் காற்றை நிதானமாகத்தான் செலவழிக்கிறேன். போகிற வழியில் நான்காவதை எட்டிப் பார்த்தேன். கணவாய் வீட்டில் இருந்தது.

தெற்கே பத்தாவது மணலில் பாதி புதைந்து கிடந்தது. தொட்டேன். பதினொன்றாவது அதற்கு மேல் சாய்ந்து கிடந்தது. தொட்டேன். மேடம் வரைந்தபடியே, இம்மி பிசகவில்லை. கஸ்பார் மேலே போகலாம் என்று கை காட்டினார். வேலை முடிந்துவிட்டதாக அவர் கணக்கு. எனக்கு முடியவில்லை. தெற்கெல்லை பாக்கி இருந்தது. போன முறை ‘தெரியவில்லை’ என்று எழுதியது என் அறிக்கையில் ஓட்டை மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லை என்றால் அதன் மேல் போய் நின்று பார்க்க வேண்டும். போனேன்.

பதினொன்றாவதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கிழிந்த வலைகள் குன்றாகக் குவிந்து கிடந்தன. எத்தனை தலைமுறை வலையோ. வலை மூடிய பாறை என்று மேடத்தின் வரைபடத்தில் குறித்திருப்பதும் அதைத்தான். ‘தெற்கே வலைக்குவியல்’ என்று எழுதினேன். பிறகு வலை எதில் மாட்டியிருக்கிறது என்று பார்த்தால்தானே முழுசாகும் என்று குனிந்தேன். கீழே கையை விட்டுத் தடவினேன். வளையம் மாதிரி ஒரு விளிம்பு. அதற்குள் கை போனது. மணிக்கட்டு வரை போனது. முழங்கை வரை போனது. பாறைக்கு இவ்வளவு வட்டமாக வாய் இருக்காது.

கஸ்பாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாறைதான் என்று தலையை ஆட்டினார். நான் இல்லை என்று ஆட்டினேன். கடலுக்கடியில் இருவரும் கொஞ்ச நேரம் தலையாட்டிச் சண்டை போட்டோம்.

மேலே வந்து வாய்க்கட்டையைத் துப்பினேன். படகு ஓரத்தில் மேடம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

“பாத்தீங்களா சார்? பதினொண்ணு?”

“பன்னெண்டு.”

“என்ன?”

“பன்னெண்டு மேடம். தெற்கெல்லையில, வலைக்கடியில. கையை உள்ள விட்டுப் பாத்தேன்.”

“சார் சொல்லுதத நம்பாதிய. அது கல்லு” என்றார் கஸ்பார்.

மேடம் என் முகத்தையே பார்த்தார். பிறகு குனிந்து தன் வரைபடத்தை எடுத்தார். மாணவன் பென்சிலை நீட்டினான், எழுதிவிடலாமா மேடம் என்றான். அவர் பென்சிலை வாங்கவில்லை. வரைபடத்தை அப்படியே மடித்து வைத்தார்.

“நான் நேர்ல பாக்காம எழுத மாட்டேன் தம்பி” என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

காது சரியாகும்வரை காத்திருக்க வேண்டும் என்று கஸ்பார் கறாராகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை இறங்கலாமாம், தடைக்காலத்துக்கு முன் அவர் படகை இறக்கும் கடைசி நாள். மேடம் கூட வரச் சொல்லிக் கேட்டார். எனக்கு அங்கே அரசாங்க வேலை இனிமேல் எதுவும் இல்லை. வருகிறேன் என்றேன்.

அலுவலக நாட்குறிப்பில் எழுதியது: ‘பத்து, பதினொன்று ஆகிய பீரங்கிகள் நேரில் பார்வையிடப்பட்டன. தெற்கெல்லை முடிவாயிற்று. பணி முடிந்தது. சனிக்கிழமை ஒரு நாள் சொந்த விடுப்பு வேண்டுகிறேன்.’